இரண்டு மூக்கு முருகனும் கருப்பட்டிக் கொசுறும்

ஒரு துண்டுக் கருப்பட்டிக்காக ஒரு பலசரக்குக் கடையையே இழுத்து மூடப் பார்த்தவள் நான். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சாமி விஷயம், பக்தி விஷயம் என்றே சாதித்து வந்தேன். இப்போது எனக்கு வயதாகிவிட்டது. மானம் போனால் போகட்டும், இனிமேல் என்னை யார் பெண் கேட்டு வரப்போகிறார்கள்.

நான் ஆமத்தூர்க்காரி. விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் கடைக்குப் போவதென்றால் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும்தான். பருப்பு, மல்லி, வத்தல் எல்லாம் வீட்டிலேயே குவிந்து கிடக்கும். அள்ளுவோம், சமைப்போம். அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்த பிறகுதான், கடுகைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள் என்பதையே பார்த்தேன். முதல் வாரம் தெருமுனைக் கடையில் போய், "ஒரு படி கடுகு குடுங்க" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற மாடி வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு படியா? எதுக்கும்மா, விதைக்கப் போறியா?" என்றாள். கடையே சிரித்தது. எங்கள் தெருவில் மாடி உள்ள வீடு அது ஒன்றுதான்; அதனால் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிற பொறுப்பும் அந்த அக்காவிடமே இருந்தது.

கடை என்றால் பெரிய கடை இல்லை. இரண்டு கதவு அகலம். நடுவில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் சாக்குகள், டின்கள், மேலே தொங்கும் நூல்கண்டு. எழுந்திருக்காமலே எல்லாச் சாமானையும் எட்டி எடுப்பார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை என்பதால், உயரமா குட்டையா என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெருவில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் சாவியை அவரிடம்தான் கொடுப்பார்கள். ஆள் இல்லாத வீட்டுக் கடிதங்களைத் தபால்காரர் அவரிடம் போட்டுவிட்டுப் போவார். யார் வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறார்கள், யார் வீட்டில் காய்ச்சல், யார் மாமியாரோடு சண்டை என்பதெல்லாம் வாங்குகிற சாமானை வைத்தே அவருக்குத் தெரிந்துவிடும். திடீரென்று ரவையும் சீனியும் வாங்கினால் விருந்தாள். மிளகும் சுக்கும் வாங்கினால் காய்ச்சல். தலைவலித் தைலம் மட்டும் வாங்கினால் மாமியார்.

இந்தக் கடையில் எனக்கு இருந்த ஒரே குறை கொசுறு.

சாமான் வாங்கி முடித்ததும் அண்ணாச்சி கேட்காமலே கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி வைப்பார். சில நாள் ஒரு கொத்துக் கருவேப்பிலை, சில நாள் நாலு பொரிகடலை. தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் உண்டு. "ஏ தாயி, பிடி" என்பார், அவர்களும் வாயில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். எனக்கு மட்டும் கிடையாது. என்னைப் பார்த்தால் அவருக்கு மரியாதை பொத்துக்கொண்டு வரும். "வாங்கம்மா, என்ன வேணும் சொல்லுங்க" என்பார். எடை சுத்தமாக இருக்கும். பொட்டலம் இறுக்கமாக இருக்கும். நான் பையைச் சரி செய்வது போல் சிறிது நேரம் நிற்பேன். "வேற ஏதும் வேணுமா?" "ஒண்ணுமில்லை அண்ணாச்சி." "சரி, போயிட்டு வாங்க."

ஏழு மாதம் இப்படியே போனது. கருப்பட்டி என்ன, எனக்குத் தின்னக் கிடைக்காத பண்டமா? கொசுறு வாங்கினவள் அந்தத் தெருக்காரி. வாங்காதவள் வழியோடு போகிறவள். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "கருப்பட்டிதான? சம்பளத்தன்னைக்கு ஒரு ஓலைக்கொட்டான் நிறைய வாங்கிட்டு வாரேன், உக்காந்து தின்னு" என்றார். ஆண்களிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது.

அவருக்குச் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் வேலை. காலண்டர் படங்கள் ஓட்டுகிற மிஷின். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவார். வரும்போது கை எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிறம்தான் அன்று ஓடியது என்று அர்த்தம். மஞ்சள் கையோடு சோறு சாப்பிட்டால் ஆர்டர் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. பிறகு சிவப்புக் கை, நீலக் கை. கருப்புக் கையோடு வந்தால் வேலை முடிந்தது. மறுநாள் சீக்கிரம் வந்துவிடுவார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தத் தை மாதம் பழைய பேப்பருக்குக் கடும் கிராக்கி. பொட்டலம் மடிக்கத் தாள் கிடைக்காமல் கடைக்காரர்கள் தவித்தார்கள். அண்ணாச்சி ஒரு யோசனை பண்ணினார். காலண்டர் சீசன் முடிந்து, சிவகாசி அச்சாபீசுகளில் கழித்துப் போட்ட தாள்கள் மலைபோலக் கிடந்தன. கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு வண்டி லோடு வாங்கிவிட்டார். மாட்டு வண்டி தெருவுக்குள் வந்தபோது நாங்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்தோம். வண்டி முழுக்கச் சாமி.

எல்லாம் மிஷின் தவறு செய்த சாமிகள். சிவப்பு ஒரு விரற்கடை விலகிப்போனதால் முருகனுக்கு இரண்டு மூக்கு. லட்சுமிக்கு உதடு கழுத்தில் இருந்தது. சரஸ்வதியின் மேலேயே பட்டாசு லேபிளை ஓட்டியிருந்தார்கள். வீணையிலிருந்து சரவெடி தொங்கியது. ஒரு பிள்ளையார் முழுக்க முழுக்கப் பச்சை. "அடடா, என்ன அழகு" என்று முதல் இரண்டு நாள் ஆளாளுக்குப் பார்த்து மகிழ்ந்தோம். பருப்பு வாங்கினால் லட்சுமி, சீரகம் வாங்கினால் முருகன்.

மூன்றாம் நாள்தான் சங்கடம் புரிந்தது. சாமானை டப்பாவில் கொட்டிய பிறகு தாளை என்ன செய்வது? முன்பெல்லாம் அடுப்பு பற்றவைக்கப் போடுவோம். லட்சுமியைப் போட்டு அடுப்பு பற்றவைக்க யாருக்குக் கை வரும்? குப்பையில் போட முடியாது, காலில் பட்டுவிடும். ஆற்றில் விடலாமென்றால் எங்கள் ஊர் ஆற்றில் மணல்தான் இருக்கும். யாரோ ஒரு புண்ணியவதி பொதுக் கிணற்றில் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் அடுத்த வீட்டுக்காரியின் வாளியில் பச்சைப் பிள்ளையார் ஏறி வந்தார். கடைசியில் எல்லாரும் தாளை நீவிச் சாமி மாடத்தில் அடுக்கினோம். ஒரே வாரத்தில் மாடத்தில் சாமிக்கே இடமில்லாமல் போய்விட்டது. ஆனாலும் அண்ணாச்சியிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம், எப்படிச் சொல்வது என்று தயங்கினார்கள்.

எனக்குப் பழக்கம் ஏழு மாதம்தானே.

அன்று கடையில் நல்ல கூட்டம். மாடி வீட்டு அக்கா சாமான் வாங்கி முடித்துக் கருப்பட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவளுக்கும் ஒரு துண்டு. தெருவுக்கு விருந்து வந்த யாரோ ஒருத்திக்குக்கூட ஒரு துண்டு. அடுத்தது நான். நூறு கிராம் நெத்திலிக் கருவாடு கேட்டேன். கிராம் கணக்கு புதிதாக வந்திருந்த காலம். அண்ணாச்சி அதைப் பழைய பலம் கணக்கில் யோசித்துக் கிராமில் நிறுத்து, ஒரு முருகனை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே நெத்திலியைக் கொட்டி, மடித்து, நூலைச் சுற்றி நீட்டினார். நான் பையைச் சரி செய்தேன். "வேற ஏதும் வேணுமா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்.

"அண்ணாச்சி, இது உங்களுக்கே நல்லா இருக்கா? முருகன் மூஞ்சியில கருவாட்டை மடிக்கிறீகளே, நாளைக்கு எந்தக் கையால அவரைக் கும்பிடுவீக?"

அண்ணாச்சி நிதானமாக, "தாளுதானம்மா இது. கம்பெனியில வேணாமுன்னு கழிச்சுப் போட்டது" என்றார்.

"கம்பெனி கழிச்சுப் போட்டா சாமி சாமியில்லைன்னு ஆயிருமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு வாரமாக லட்சுமியில் பருப்பும் முருகனில் சீரகமும் நானும்தான் வாங்கினேன். அன்று என் கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி விழுந்திருந்தால் நெத்திலியோடு முருகனையும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் பேசியது பேசியதுதான். மாடி வீட்டு அக்கா கருப்பட்டியை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அவ சொல்லுறதும் சரிதான" என்றாள். அவ்வளவுதான், எல்லார் வாயும் திறந்துகொண்டது. அன்றைக்கு நான் தெருவில் பெரிய மனுஷி. குழாயடியில் எனக்கு முதல் குடம் விட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஒருவரும் அண்ணாச்சி கடைக்குப் போகவில்லை. பஜாருக்குப் போனார்கள். அங்கே மூட்டை மூட்டையாக வியாபாரம் செய்கிறவர்களிடம் போய்க் கொஞ்சமாக உளுந்து கேட்டால், "ஓரமா நில்லுங்க" என்று அரை மணி நேரம் காக்க வைப்பார்கள். வெயிலில் போய் வெயிலில் திரும்ப வேண்டும். ஆனாலும் வீராப்பை விடவில்லை.

அண்ணாச்சியும் விடவில்லை. வேறு தாள் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. லோடு கூரை வரைக்கும் நிற்கிறது. முதலில் தாளைத் திருப்பி மடித்தார், சாமி உள்ளே, வெள்ளை வெளியே. அவசரத்துக்கு வாங்கிப்போன ஒரு வீட்டில் பிரித்துப் பார்த்தால் லட்சுமி முகம் முழுக்க மிளகாய்ப் பொடி. அந்த வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை. அடுத்து ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சாமியைத் தனியே வெட்டி வைத்துவிட்டு ஆகாயத்தை மட்டும் எடுத்தார். ஒரு முழுத் தாளில் ஆகாயம் என்று பார்த்தால் பெருங்காயம் மடிக்கிற அளவுக்குத்தான் தேறியது. வெட்டி வைத்த சாமிகளோ அவர் மடியைச் சுற்றிலும் குவிந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கத்தரிக்கோலை வைத்துவிட்டார். அதன்பிறகு வெறும் கடையில், ஈ ஓட்டிக்கொண்டு, தெருவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மாசி முடியப் போகிற சமயம், அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தாள். என்ன என்று கேட்டோம். "பங்குனிப் பொங்கல் திருவிழா முடிஞ்சதும் கடையை எடுத்துட்டு அருப்புக்கோட்டைக்குப் போறோம். என் தம்பி அங்கன ஒரு இடம் பாத்து வச்சிருக்கான். யாவாரமே இல்லாம எம்புட்டு நாளைக்கு உக்காந்திருக்கது?" என்றாள்.

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். தன் மாமனார் வாசலில் விழுந்தபோது அண்ணாச்சிதான் கடையைப் போட்டுவிட்டு வண்டி பிடித்து ஓடினார் என்றாள் ஒருத்தி. தன் பிள்ளை பெயில் ஆன கடிதத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னதையும், அதை அண்ணாச்சியே தன் கணவனிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னதையும் இன்னொருத்தி சொன்னாள். பேச்சு ஓய்ந்ததும் எல்லாரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"வந்து ஒம்பது மாசம் ஆகலை, இருவது வருசக் கடையைக் காலி பண்ணிட்டா" என்றாள் மாடி வீட்டு அக்கா.

"நீங்களும்தான சரின்னு சொன்னீக" என்றேன்.

"நான் சரின்னுதான சொன்னேன். ஆரம்பிச்சது யாரு?"

அன்று என் குடத்துக்குக் கடைசி முறைதான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு நல்ல மனுஷன் என் வாயால் ஊரைவிட்டுப் போகிறாரே என்று அழுதேன். போய்விட்டால் இந்த ஜென்மத்தில் அவர் கையால் கொசுறு கிடைக்காது என்றும் அழுதேன். இரண்டில் எதற்காக அதிகம் அழுதேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கருப்புக் கையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சு வளர்க்காமல் சாமி மாடத்துப் பக்கம் போய் அங்கே குவிந்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அச்சாபீஸ்காரர்களுக்கு எந்தத் தாளைக் கண்டாலும் புரட்டுகிற வியாதி உண்டு.

"இது கருப்பு ஓடாத தாளு" என்றார்.

"என்னது?"

"மஞ்ச, சிவப்பு, நீலம், மூணு கலருதான் ஓடியிருக்கு. கலரு விலகிப்போச்சுன்னதும் கருப்பு ஓட்டாமலே கழிச்சிட்டான். பாரு, கண்ணே வரலை. கண்ணு கருப்புலதான வரும்?"

பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். உதடு கழுத்தில் இருந்த அந்த லட்சுமிக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிறிய மஞ்சள். இத்தனை நாள் மூக்கையும் உதட்டையும் பார்த்துச் சிரித்தோமே தவிரக் கண்ணை யாரும் கவனிக்கவில்லை. இன்னொன்றை எடுத்தேன், அதற்கும் கண் இல்லை. நாலைந்துக்கு ஒன்றில்தான் கண் இருந்தது.

ஆமத்தூரில் அய்யனாருக்குப் புரவி எடுப்பார்கள். வேளார் மண்ணைக் குழைத்துக் குதிரையும் அய்யனாரும் செய்து சுட்டு நிறுத்துவார். கண் திறக்கிற வரைக்கும் அது பொம்மைதான். ஆட்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு பீடி குடிப்பார்கள். என் அப்பா ஈரத் துண்டை அய்யனார் தோளில்தான் காயப் போடுவார். வேளார் மையைத் தொட்டுக் கண்ணை எழுதி முடித்த மறுநிமிஷம், அதே அப்பா மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கைகட்டி நிற்பார். அப்படியானால் இந்தத் தாள்கள்?

சோற்றைக்கூடப் போடாமல் மாடி வீட்டுக்கு ஓடினேன். ஒரு கையில் கண் இல்லாத லட்சுமி, மறு கையில் கண் உள்ள இரண்டு மூக்கு முருகன். மூச்சு வாங்கச் சொன்னேன். அக்கா இரண்டையும் வாங்கி விளக்கருகே வைத்து மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இது சாமி இல்லை."

"இல்லை அக்கா."

"பின்ன?"

"சாமி ஆகப் போன தாளு. ஆகுறதுக்கு முந்தியே கழிச்சுட்டாக."

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்மா" என்றாள், "ஒரு மாசமா நான் சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கிற கட்டுல எத்தனை சாமி?" இருவரும் உள்ளே போய்ப் பிரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் கண் இல்லை. அக்காவுக்கு வந்த கோபத்தில், மறுநாளே அண்ணாச்சி கடையில் இருக்கும் லோடு முழுவதையும் பிரித்தாக வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. கண் திறக்காதது பொட்டலத்துக்கு. கண் திறந்தது வீடுகளுக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கடையில் போய் நின்றோம். அண்ணாச்சி எங்களைப் பார்த்து, "யாரும் எனக்காக வருத்தப்பட வேண்டாம். நான் போறேன்னு சொன்னது சொன்னதுதான்" என்றார்.

"போகும்போது போங்க. இப்பத் தள்ளி உக்காருங்க" என்றாள் அக்கா.

அப்போதுதான் அவர் எழுந்து நின்று முதல் முறையாகப் பார்த்தேன். நல்ல உயரம். ஒரு சாக்கைத் தூக்கி வாசலில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் கட்டுகளை இறக்கிப் பிரிக்க ஆரம்பித்தோம். கண் இருப்பது இடப் பக்கம், இல்லாதது வலப் பக்கம். சந்தேகம் வந்தால் டீச்சரிடம் கொடுக்க வேண்டும். தெருக் கடைசி வீட்டு டீச்சர் கிறிஸ்தவர்; அவருக்கும் குழந்தை ஏசுவில் கொத்தமல்லி வந்து ஒரு மாதமாக நிம்மதியில்லை. கண்ணாடி போட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் கண் பரிசோதனை அவரிடம் போனது. பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரியே உட்கார்ந்து, "பாஸ்", "பெயில்" என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார்.

அதற்குள் தகராறுகளும் வந்தன. தவம் செய்கிற சிவன் கண்ணை மூடியிருந்தார். கருப்பு ஓடியதா, ஓடவில்லையா? "ஜடையைப் பாருங்க, கருப்பா இருக்கு, பாஸ்" என்றார் டீச்சர். தாளின் ஒரு மூலையில் மட்டும் மை பிடித்ததால் ஒரு பிள்ளையாருக்குக் கண் இல்லை, காலடியில் இருந்த எலிக்கு மட்டும் பளிச்சென்று இரண்டு கண். எலியை மட்டும் வெட்டி எடுத்து இடப் பக்கம் வைத்தோம். கடைசியில் மயிலிடம் வந்து மாட்டிக்கொண்டோம். முருகனுக்குக் கண் இல்லை, மயில் முகத்திலும் இல்லை, தோகை முழுக்க நீலக் கண்ணாக இருந்தது. அது கண்ணா, இல்லையா? அக்கா கண் என்றாள். டீச்சர் அதெல்லாம் வெறும் புள்ளி என்றார். கால் மணி நேரம் ஒரே கூச்சல்.

வாசலிலிருந்து, முதுகைக் காட்டியபடியே, அண்ணாச்சி குரல் கொடுத்தார். "மயிலு சாமியா, வாகனமா?"

"வாகனம்" என்றோம்.

"வாகனமுன்னா லோடு ஏத்தலாமுல்ல? வலப் பக்கம் போடுங்க."

எல்லாரும் சிரித்தோம் பாருங்கள், டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அண்ணாச்சி திரும்பி உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் எழுந்து வந்து அவரும் பிரிக்க ஆரம்பித்தார். மதினி ஒரு பெரிய பாத்திரத்தில் பருத்திப்பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அண்ணாச்சியே டம்ளர்களை நீட்டினார். "ஏ தாயி, பிடி." "ஏ தாயி, சூடு, பாத்து." என் முறை வந்தது. "எடுத்துக்கோங்கம்மா" என்றார்.

டம்ளரை வாங்கிக்கொண்டேன். சரிதான், இந்த மனுஷன் மறக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் வாய் செய்த வேலைக்கு இது குறைவான தண்டனைதான்.

பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. கூரை வரை நின்றதில் பெரும்பகுதி கண் திறக்காதது. திறந்ததை வீட்டுக்கு வீடு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம், ஏசுவெல்லாம் டீச்சருக்கு. அவரவர் கதவிலும் பீரோவிலும் டிரங்குப் பெட்டி மூடியிலும் ஒட்டிக்கொண்டார்கள். ரொம்ப வருஷத்துக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதே இரண்டு மூக்கு முருகன்தான் வரவேற்பார். புதிதாகச் சம்பந்தம் பேச வந்தவர்கள் எங்கள் தெருவுக்கே அவர்தான் குலதெய்வம் என்று நினைத்துக்கொண்டு போனதும் உண்டு.

மறுநாள் காலையில் கடைக்குப் போனபோது பழைய கூட்டம். அருப்புக்கோட்டைக்குப் போகக் கட்டி வைத்திருந்த டின்களையெல்லாம் மதினி அவிழ்த்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். "தம்பிக்குக் கடுதாசி போட்டாச்சு, வேற ஆளைப் பாருன்னு" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

மாடி வீட்டு அக்கா வாங்கினாள், கருப்பட்டி கிடைத்தது. அடுத்தவளுக்கும் கிடைத்தது. நான் நூறு கிராம் நெத்திலி கேட்டேன். வேண்டுமென்றே கேட்கவில்லை, அன்று வீட்டில் அதுதான் இல்லை. அண்ணாச்சி ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்துக் காட்டினார். "பாத்துக்கோங்கம்மா. கண்ணு இல்லை." பார்த்தேன், இல்லை. நெத்திலியைக் கொட்டி, மடித்து, நூலைச் சுற்றி நீட்டினார். இந்த முறை நான் பையைச் சரி செய்யவில்லை. கடை நிலைத்தது, அது போதும், பேராசைப்படக் கூடாது என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு படி இறங்கினேன்.

"ஏ தாயி! நில்லு!"

திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாருமில்லை.

"உன்னையத்தான். கொசுறு வாங்காம அம்புட்டு வேகமாப் போறியே, நாளைக்கு எந்தச் சாமியைக் கூட்டிட்டுச் சண்டைக்கு வரப் போற?"

கடையே திரும்பி என்னைப் பார்த்தது. மாடி வீட்டு அக்கா கருப்பட்டியைச் சப்புவதை நிறுத்திவிட்டாள். எனக்கு முகம் பற்றி எரிந்தது. மனுஷனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு மாதத்துக்கு மேல் ஈ ஓட்டினாரே தவிர, ஒரு வார்த்தை வெளியில் விட்டு என்னைத் தெருவில் தலைகுனிய வைக்கவில்லை. திரும்பப் படியேறிக் கையை நீட்டினேன். எல்லாருக்கும் கொடுத்ததைவிடப் பெரிய துண்டாகப் பார்த்து உடைத்து வைத்தார்.

வாயில் போட்டுக்கொண்டு நடந்தேன். வீடு போய்ச் சேரும்வரை அதைக் கடிக்கவில்லை.